தனிக் கிணறு

அந்தக் காலத்து முதலாளி ஒருவரின், இடித்துத் தள்ளிய மாளிகையில் தொல்லியல் அகழாய்வு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் எனக்கு வெறுத்துப் போய்விட்டது.

முதலாளியின் கழிப்பறையிலிருந்து ஒரு சுட்டமண் குழாய் கிளம்பியது. தோட்டத்துக் குழி எதிலாவது போய் முடியும் என்று அதன் பின்னாலேயே தோண்டிக்கொண்டு போனேன். அது போய் நின்ற இடம், வேலைக்காரர்களின் குடிநீர்க் கிணறு. உடைந்து கசிந்தது என்று சப்பைக்கட்டு கட்டவும் வழியில்லை. கிணற்றுச் சுவரைத் துளைத்து, குழாயைச் செருகி, சுற்றிலும் வழவழவென்று சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். தனியாகக் குழி வெட்ட அவ்வளவு சோம்பல்! அடியில் கிடந்த கரிய களியில் அவர்கள் தண்ணீர் மொண்ட குடங்கள் புதைந்திருந்தன. முதலாளியின் கிணறோ முன்வாசலில், மூடி போட்டு, ஜம்மென்று இருக்கிறது.

இன்று முதலாளியின் பேரன் பார்க்க வந்தார்.

"வேலைக்காரங்களுக்குன்னு தனியா கிணறே வெட்டிக் குடுத்த குடும்பங்க நாங்க. இங்க வைக்கப்போற போர்டுல அதை மறக்காம போடுங்க."

எங்கள் அதிகாரி பல்லை இளித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேரனைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவைத்து, "இந்தக் குழாயையும் போடலாங்களா?" என்றேன்.

"சே! அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குங்க தெரியும்?"

வெயிலில் அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் கேட்டார். என் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறந்தவர், குடிக்காமல் மோந்து பார்த்தார்.

"பயப்படாதீங்க," என்றேன். "உங்களுக்குன்னு தனியா வச்சதுதான்."