ஈதர் போத்தல்

மங்கையற்கரசி பல்கலைக்கழக ஆய்வுகூடக் கதவைத் திறந்துவிட்ட பிறகும் சிப்பாய் அதைக் காலால் உதைத்தான். அது தொண்ணூறாம் ஆண்டு. செங்கலடிப் பக்கம் காலையில் கண்ணிவெடி வெடித்திருந்தது. வெடிமருந்து எங்கே கலந்தார்கள் என்று தேடி இராணுவ அதிகாரி வந்திருந்தான். அவளோடு ஆய்வு செய்த பழுகாமத்து இளையதம்பி எழுந்து நின்றான். சிப்பாய் துவக்குப் பிடியால் அடித்த முதல் அடியிலேயே அவன் பற்கள் உடைந்தன.

சோதனைக் குழாயில் மிதந்த வெள்ளைப் படலத்தைக் காட்டி, “இது குண்டு மருந்தா?” என்றான் அதிகாரி.

“கச்சான் கடலைக் கொழுப்பு, சேர்,” என்றாள் மங்கையற்கரசி. “விதைக் கலத்துக்குள்ள எண்ணெய் துளித்துளியா உண்டாகுது. ஒவ்வொரு துளியையும் புரதம் பதிஞ்ச சவ்வு மூடியிருக்கு. அந்தப் புரதம் இல்லாட்டி எல்லாத் துளியும் ஒண்டாச் சேந்திரும். அதைத்தான் நாங்க பாக்கிறம்.”

“பொய்.”

இளையதம்பி குழாயை எடுத்து அந்தப் படலத்தைக் குடித்துக் காட்டினான். வெள்ளையோடு இரத்தமும் வாயோரமாக நாடியில் வழிந்தது. அதிகாரி பக்கத்திலிருந்த பெரிய போத்தலைத் தூக்கினான்.

“அது ஈதர்,” என்றாள் அவள். “கொழுப்பைப் பிரிச்செடுக்கிறதுக்கு. திறக்காதீங்க சேர், ஆவியே பத்திக்கொள்ளும்.”

“அப்ப இதுதான் மருந்து.”

போத்தலை இளையதம்பியின் தலையில் உடைத்தான். நெடி தாங்காமல் தானே வாசலுக்குப் பின்வாங்கினான். இளையதம்பியைப் பிடித்திருந்த சிப்பாய், வெருட்டுவதற்கென்று லைட்டரைத் தட்டினான்.

அறை முழுதும் ஒரேயடியாகப் பற்றியது.

மங்கையற்கரசி தரையில் விழுந்தாள். புகைக்குள் துழாவிய கையில் ஒரு கை அகப்பட்டது. தோல் வழுக்க வழுக்க வெளியே இழுத்துப் போட்டாள். பச்சைச் சீருடை எரிந்துகொண்டிருந்தது. சிப்பாய்.

திரும்பி ஓடினாள். நெருப்பு வாசலை அடைத்து நின்றது. உள்ளே இளையதம்பி, “அக்கா, அக்கா” என்று கத்தினான். இரண்டு தடவை நுழையப் பார்த்து, கைகள் வெந்து பின்வாங்கினாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. அதிகாரி அவள் வயிற்றில் உதைத்துவிட்டு, சிப்பாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனான்.

பாயில் சுற்றிய இளையதம்பியின் உடலோடு அவள் வாவியைக் கடந்து பழுகாமம் போனாள். அவனுடைய தாய் இரத்தினம்மா பாயைப் பிரிக்கச் சொல்லவில்லை.

“கத்தினவனா புள்ள?”

“இல்லம்மா. புகையில முதலே மயங்கிட்டான்.”

இரத்தினம்மா அவளுடைய கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள்.

“நீ அவன இழுத்துப் பாத்தியா?”

“ஓம்,” என்றாள் மங்கையற்கரசி. “இழுத்தன்.”

இரத்தினம்மா அந்தக் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். மங்கையற்கரசிக்கு வலி தாங்க முடியவில்லை. ஆனாலும் அவள் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை.