சர்க்கரை கிடையாது

எடைத் தட்டில் உட்கார்ந்து சிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். அதற்காகவே காத்திருந்தவள் போல நாத்தனார், "தாய் பக்கத்து உடம்பு அப்படி. நாங்க என்ன பண்றது?" என்றாள், வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

சிட்டுவின் அம்மா, அக்கா பக்கத்தில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். பேசாமல் மனசுக்குள் திட்டுவதில் அவள் கெட்டிக்காரி. தையல் கடையில் காலர் தைத்துக்கொண்டே நாத்தனாரை நாலு துண்டாக வெட்டி எறிவாள். வந்துவிட்டாள் பெரிய மகாராணி! தம்பியை வளர்த்து ஆளாக்கினாளாம். என்னத்தை வளர்த்தாள்? அக்கா இருமினால் தம்பிக்கும் தொண்டை கரகரக்கும். அக்காவும் தம்பியும் இனிப்பைத் தொடுவதில்லை, அதுதான் அந்த வீட்டின் பட்டம், பதவி எல்லாம். கல்யாணமான புதிதில் அவன் பிறந்தநாளுக்கு ஆசையாகக் கேக் வாங்கி வந்தாள். செத்த எலியைக் கண்டவன் மாதிரி தட்டைத் தள்ளினான். "எங்க வீட்ல யாரும் இனிப்புக்கு அலைய மாட்டோம்மா," என்றாள் அக்கா. அன்றிலிருந்து இவள் டீயில் சர்க்கரை போட்டால் இரண்டு பேரும் கரண்டியைத்தான் பார்ப்பார்கள். நாக்கு செத்த ஜென்மங்கள், இதில் பீற்றல் வேறு!

அந்த வீம்பில்தான் சிட்டுவின் பால் பாட்டிலில், யாரும் பார்க்காதபோது, இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துவந்தாள். குழந்தை கொழுகொழுவென்று ஆகட்டும், அப்புறம் இதுகள் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்கின்றன பார்ப்போம் என்று. சிட்டு மடமடவென்று குடிப்பாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீராகப் போகும். பல் முளைக்கிறது என்றார்கள். பல் முளைத்த பிறகும் போயிற்று. கை கால் குச்சியாகிவிட்டன. இந்தத் தடவையும் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தாள்.

டாக்டர் குழந்தையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். "திரும்பவும் கேக்கறேன். வீட்ல யாருக்காவது சர்க்கரை ஒத்துக்காம இருக்கா?"

"சர்க்கரையா? எங்க பரம்பரைக்கே கிடையாது டாக்டர்," என்றாள் நாத்தனார். போன தடவையும் இதையேதான் சொன்னாள், இதே நிமிர்ந்த கழுத்தோடு.

இவளுக்குச் சிரிப்பு வந்தது. "வியாதியைக் கேக்கல அண்ணி. திங்கிற சர்க்கரையைக் கேக்கறாங்க." டாக்டரிடம் திரும்பினாள். "இவங்க ரெண்டு பேரும் இனிப்பையே தொட மாட்டாங்க டாக்டர்."

"ஏன்?"

"எங்களுக்குப் பிடிக்காது," என்றாள் நாத்தனார்.

"பிடிக்காதா, ஒத்துக்காதா?"

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகினாள். தம்பி அக்காவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான். பிறகு குழந்தையின் கால்களைப் பார்த்தான்.

"சின்ன வயசுல தின்னா வயித்தால போகும் டாக்டர். அக்காவுக்கும்தான்."

"டேய்!"

"போகும்க்கா. வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்கல்ல."

ஒத்துக்கொள்ளாத உடம்பு, அதை ஒத்துக்கொள்ளாத வாய்! இவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. டாக்டர் விளக்கினாள். சர்க்கரையை உடைத்துச் செரிக்கவைக்கிற நொதி சிலருக்குக் குடலில் பிறவியிலேயே குறைவு, மரபணுவில் வருவது, சோதனை செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும், அதுவரை சர்க்கரை வேண்டாம்.

"அப்போ அவங்க ரத்தம்தானே டாக்டர்?" குரலில் இருந்த குதூகலத்தை அவள் மறைக்கவில்லை.

"அப்பாகிட்டேருந்து மட்டும் வந்தா இது வராதும்மா. பாதி உங்ககிட்டேருந்தும் வந்திருக்கணும். உங்களுக்கு வெளிய ஒண்ணும் தெரியாது, நீங்க நல்லாத்தான் இருப்பீங்க." டாக்டர் பேனாவைத் திறந்தாள். "பால்ல சர்க்கரை போடறீங்களா? எவ்வளவு?"

நாத்தனாரும் அவனும் இவளைப் பார்த்தார்கள். ஏளனமாகக்கூட இல்லை, பதிலுக்காகத்தான்.

சிட்டு அம்மாவின் பைக்குள் கையை விட்டுப் பாட்டிலை இழுத்தாள். அம்மா அதைப் பிடுங்கி உயரத் தூக்கினாள். உள்ளே அடியில், காலையில் அவசரத்தில் கலக்காமல் விட்ட சர்க்கரை வெள்ளையாகத் தங்கியிருந்தது. சிட்டு அழவில்லை. அம்மா எப்படியும் தருவாள் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.