வெர்லின் பிரெக்கேயின் ஐந்தாவது துப்பாக்கி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை திருட்டுச் சரக்கு. எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்தில் வருடா வருடம் பான்கேக் சுட்டுப் போடுவார்கள். அங்கே எனக்கு எதிரே உட்கார்ந்து, தட்டில் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டே ஆர்டிஸ் பிரெக்கே சொன்னது. சொல்லி முடித்தபோது நான் பேனாவைத் தேடுவதைப் பார்த்துவிட்டாள்.

"எழுதப் போறியா?"

"தமிழ்லதான். இந்த நார்த் டகோட்டாவுல அத யாரு படிக்கப் போறாங்க?"

"அப்போ எழுதிக்கோ. ஆனா ரெண்டு கண்டிஷன். யாரும் சாகக் கூடாது. எனக்கு அம்பத்திரெண்டு வயசு."

ஆகவே ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்திரண்டு.*

(* அறுபத்தொன்று.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

'அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை, துப்பாக்கி வாங்கக் கிளம்பிய வெர்லின் பிரெக்கேயின் கண்களில் கொலைவெறி –'

அடித்துவிட்டேன். வெர்லினின் கண்களில் இருந்தது புதுக் கண்ணாடி. ஆர்டிஸின் கணவன். ஆறடி மூன்று அங்குலம். முப்பது வருடம் ஊர்த் தானியக் கிடங்கை நடத்தி ஓய்வு பெற்றவன். அவனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பகை, ஐம்பது அடி தூரத்தில் தொங்கும் காகிதத்தோடு. சனிக்கிழமைதோறும் அதைச் சுட்டு, மதிப்பெண்ணைக் கூட்டி, காபி குடித்துவிட்டு வீடு திரும்பும் சங்கத்தில் அவன் உறுப்பினன்.

இந்தப் பத்தியை மதுரையில் இருக்கும் என் நண்பனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "துப்பாக்கி வருது, ஆனா பொணம் வராதுங்கற. எவன்டா படிப்பான்?" என்றான். அவனுக்காக இரண்டாவது முயற்சியில் ஒரு மானைக் கொன்றேன். ஆர்டிஸின் கண்டிஷன் மானுக்கும் செல்லுமோ என்று பிறகு சந்தேகம் வந்தது. எழுப்பி ஓட விட்டுவிட்டேன்.

3

வெர்லின் ஆறு வருடத்தில் நான்கு கைத்துப்பாக்கிகள் வாங்கி, நான்கையும் விற்றிருந்தான். நான்கின் மேலும் ஒரே புகார்: இடது பக்கம் கீழே இழுக்கிறது. வெவ்வேறு ஆலைகளில் பிறந்த, ஒன்றை ஒன்று பார்த்தே இராத நான்கு துப்பாக்கிகள், தன்னைக் கண்டதும் மட்டும் கூடிப் பேசி ஒரே பக்கம் இழுக்கின்றன என்று அவன் மனதார நம்பினான்.

(இங்கே மனித இயல்பைப் பற்றி நீளமான ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.)

கடைக்குப் போகும் வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான்.

"இதான் கடைசி, ஆர்டிஸ். இதுவும் இழுத்துச்சுன்னா இந்த வெளாட்டே வேணாம். விட்டுடறேன்."

ஆர்டிஸ் சன்னல் வழியே பனியைப் பார்த்தாள். முப்பது வருடச் சனிக்கிழமைகளை அந்தத் தானியக் கிடங்கு தின்றுவிட்டது. ஓய்வு பெற்றதும் சங்கம் பிடித்துக்கொண்டது. அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு வருடத்துக்கு முன் அவளும் சுடக் கற்றுக்கொண்டாள். இவன் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். ஷெட்டுக்குள் போய் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவான். அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் ஊரில் அது ஒரு நீண்ட உரை.

4

மைலோ ஹவ்கனின் துப்பாக்கிக் கடையில் மேலே விற்பனை, கீழ்த்தளத்தில் சுட்டுப் பார்க்க ஆறு தடங்கள். அடுப்போரம் காபிக்காக மட்டுமே வரும் இரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் வைத்தேன். கதையில் அவர்களுக்குச் சிரிப்பதைத் தவிர வேலை இல்லை என்று தெரிந்ததும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மைலோ பச்சைத் துணியில் மூன்றை வரிசையாக வைத்தான்.

"இது இருபத்திரெண்டு. சின்னத் தோட்டா, உதை கெடையாது. இது ஒம்போது மில்லி, நடுத்தரம். இது நாப்பத்தஞ்சு, பெரிய தோட்டா. இதப் பத்தி உனக்கே தெரியும். கையில புடிச்சுப் பாரு, வெயிட்டப் பாரு. அவசரமே இல்ல."

"இருபத்திரெண்ட உள்ள வை. அது கொழந்தைங்க சமாச்சாரம்."

"போன வருஷம் கோப்பை ஜெயிச்சவன் அதுலதான் சுட்டான்."

"அவனும் கொழந்தைதான்."

நாற்பத்தைந்தை எடுத்தான். அகலமான உள்ளங்கையில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. குழலைத் தரைப் பக்கமாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றான். அந்த ஒரு நிமிடம் அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்பதை எழுதாவிட்டால் அது அவனுக்குச் செய்யும் துரோகம்.

பிறகுதான் அந்தத் தப்பைச் செய்தான். எதற்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கேட்டான்.

"ஆர்டிஸ் வச்சிருக்காளே, அது மாதிரி ஒண்ணு இருந்தா எடு. துப்பாக்கின்னா அது. போன வாரம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு அடிச்சா."

மைலோவுக்குக் காபி புரையேறியது. ஆர்டிஸைப் பார்த்தான். ஆர்டிஸ் கூரையைப் பார்த்தாள்.

"வெர்லின், அது உன்னோடதுதான்யா."

"என்னது?"

"நீ வாங்கினதுல ரெண்டாவது. 'குப்பை'ன்னு சொல்லி என் தலையில கட்டிட்டுப் போனியே, அதேதான். மறு வாரமே ஆர்டிஸ் வந்து எடுத்துட்டுப் போயிட்டா. புடி மட்டும் மாத்தியிருக்கு."

"வால்நட் மரம்" என்றாள் ஆர்டிஸ். "அந்தக் கறுப்பு எனக்குப் புடிக்கல."

அடுப்போரத்தில் இருந்த இருவரும் தங்கள் வேலையைச் செய்தார்கள். வெர்லினின் காது மடல் சிவந்து, சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. இரண்டு வருடமாகத் தன் பக்கத்துத் தடத்தில் நின்று நடுப்புள்ளியைக் கிழித்துக்கொண்டிருந்தது தான் குப்பை என்று தள்ளியது. குப்பை துப்பாக்கி இல்லை என்றால், மிச்சம் இருப்பது யார்?

இந்த இடத்தில் கதையை முடித்துவிட எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

அ. அவன் பேசாமல் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொள்கிறான். (நடந்திருக்கக் கூடியது. சோகம்.)

ஆ. நாற்பத்தைந்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் அதையும் விற்கிறான். (நிச்சயம் நடந்திருக்கும். மைலோவுக்குப் பிடித்த முடிவு.)

இ. மைலோவின் மேல் – (கண்டிஷன் ஞாபகம் வந்தது.)

நடந்தது என்னவென்றால், ஆர்டிஸ் கவுண்டரில் கையை நீட்டினாள்.

"மைலோ, வாடகைக்கு வச்சிருக்கியே நாப்பத்தஞ்சு, அதக் குடு. வெர்லின், வா கீழ போலாம். நான் நிரப்பித் தர்றேன்."

5

கீழ்த்தளத்தில் இருவரும் காதடைப்பை மாட்டிக்கொண்டார்கள். ஆர்டிஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினை நிரப்பினாள். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறப் போலித் தோட்டா ஒன்றையும் செருகினாள். மருந்தில்லாத வெறும் பிளாஸ்டிக் அது, வெடிக்காது. அதைப் பற்றி அவனிடம் மூச்சு விடவில்லை.

முதல் தோட்டா வெடித்தது. இடது பக்கம், கீழே.

இரண்டாவது முறை விசையை அழுத்தினான். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனால் குழல் முனை, தானியம் கொத்தும் கோழியைப் போலக் கீழே குத்தியது.

வெடிக்காத துப்பாக்கி துள்ளாது. துள்ளியது வெர்லின்.

அவன் அப்படியே நின்று அந்த முனையையே பார்த்தான். சத்தம் வரப்போகிறது என்ற பயத்தில், சத்தத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே தன் கை ஒடுங்குவதை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தான். நிறைந்த தானியக் குதிருக்குள் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கியவன், ஒரு சின்ன வெடிச் சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறான்.

"எவ்ளோ நாளாத் தெரியும்?"

"என்ன?"

இருவர் காதிலும் அடைப்பு. கத்தித்தான் ஆக வேண்டும்.

"உனக்கு எவ்ளோ நாளாத் தெரியும்?"

"ஒரு வருஷமா!"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வர மாட்ட! எனக்கு உன்னோட சனிக்கெழம வேணும், வெர்லின்!"

நாற்பது வருடக் கல்யாணத்தில் அவள் இவ்வளவு சத்தமாக அன்பைச் சொன்னதில்லை. தடங்களுக்குப் பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்போர ஆட்கள் இறங்கி வந்து நின்றிருந்தார்கள். இந்த முறை அவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

(என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கும் இதே வியாதிதான். கதையின் முடிவு நெருங்கினால் பயம் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வெடிக்க வைத்துவிடுவேன்: ஒரு மாரடைப்பு, ஒரு கடிதம், திடீர் மழை. என் பழைய கதைகள் எல்லாமே இடது பக்கம், கீழே.)

6

வெர்லின் துப்பாக்கியை மேடையில் வைத்தான். படி இரண்டு எட்டு தூரம்தான். ஏறிப் போய்விடலாம். ஷெட் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது. ஆர்டிஸ் அந்தப் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மேகசினைக் கழற்றினான். திரும்பாமலே பின்னால் நீட்டினான்.

"மறுபடி நிரப்பு. எத்தன போலின்னு சொல்லாத."

அவள் மறுபடியும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து தோட்டாக்கள் போட்டாள். எது நிஜம், எது போலி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வாங்கிப் பொருத்தினான், கையை உயர்த்தினான், பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்தினான். விரல் விசையைத் தொட்டது. ஆர்டிஸ் இலக்கைப் பார்க்கவில்லை. குழல் முனையைப் பார்த்தாள்.

அந்த முனை அசைந்ததா, அவன் எந்தத் துப்பாக்கியை வாங்கினான், அடுத்த சனிக்கிழமை என்ன ஆனது, எல்லாவற்றையும் ஆர்டிஸ் எனக்குச் சொல்லிவிட்டாள். மதுரைக்காரன் தினமும் போன் பண்ணிக் கேட்கிறான். சொல்வதாக இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்தப் பயிற்சியில் பிரயோசனம் கிடையாது.

நானும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிரப்பி வைத்துவிட்டேன். இந்தாருங்கள், பிடியுங்கள். கண்ணை மூடாதீர்கள். மெதுவாக அழுத்துங்கள்.