லயத்து வாசலில் கொதித்த காடி

தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணி சிவகுருவின் மோட்டார் காடி கொதிப்பதென்றால் எங்கே வேண்டுமானாலும் கொதிக்கலாம். ஆபீஸ் வாசலில் கொதிக்கலாம், சுங்கைப்பட்டாணி பசாரில் கொதிக்கலாம், ஆளரவமில்லாத காட்டுச் சாலையில் கொதிக்கலாம். அந்தப் பாழாய்ப்போன காடி அப்படிச் செய்யாது. பகல் ஒரு மணிக்கு, லயத்து வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஏழாம் நம்பர் வீட்டுக்கு நேரே வந்து நின்று ஆவி விட்டுச் சீறும். ஏழாம் நம்பர் வீடு யாருடையது? அந்தக் காடியை ஓட்டுகிற டிரைவர் அம்மாசியுடையது. வினை என்றால் இப்படித்தான், ஆளைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வரும்.

மலாயாவில், சிடாம் கிரிப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, மாசி மாதம். மரமெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிற காலம். சாலையில் ஒரு கை அகலத்துக்கு நிழல் கிடையாது. செம்மண் தரையில் வெறுங்கால் வைத்தால் கொப்புளம் கண்டுவிடும்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரையின் காடியோ கிராணியாரின் காடியோ லயத்துப் பக்கம் வந்தால், அது கடந்து போகிறவரை எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ஆம்பிளைகள் தலைக்கட்டை அவிழ்க்க வேண்டும், சைக்கிளில் வருகிறவன் இறங்க வேண்டும். துரையால் தொந்தரவில்லை. அவர் சர்ரென்று போய்விடுவார், எழுந்தவன் உடனே உட்காரலாம். சிவகுரு யாழ்ப்பாணத்துப் படிப்பாளி. பதினெட்டு வருஷம் துரை பங்களாப் படிக்கட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். நின்று நின்று சேர்த்த மனத்தாங்கலுக்கெல்லாம் ஈடாகத்தான் அந்தப் பழைய காடியை வாங்கினாரோ என்னவோ. ஆபீசிலிருந்து அவர் வீட்டுக்கு நேர்சாலை இருந்தது. அதில் போக மாட்டார். மனுஷர் பசியோடு உட்கார்ந்து சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து லயத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

போகிறவர் சும்மா போவாரா? "மெல்லப் போ" என்று கைத்தடியால் அம்மாசியின் முதுகைத் தட்டுவார். முதல் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், அரை மைல் நீளமுள்ள லயத்தைக் கடக்க வேண்டும். பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் ஜனம் எச்சில் கையோடு வெயிலில் நிற்கும். அம்மாசியின் பெண்டாட்டி கருப்பாயியும் அந்த வரிசையில் நிற்பாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவான்.

காடி ஏன் கொதிக்கிறது என்பது அம்மாசிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. சுங்கைப்பட்டாணியில் தவுக்கே எனப்படும் சீன முதலாளியிடம் ஆறு வருஷம் லோரி ஓட்டியவன் அவன். ரேடியேட்டர் மூடியின்மேல் சூடு காட்டுகிற கண்ணாடி ஒன்று உண்டு, அதில் சிவப்புக் கோடு ஏறும், இறங்கும். சாலையில் முப்பது மைல் வேகத்தில் போனால் எதிர்க்காற்று ரேடியேட்டரில் அறைந்து தண்ணீரை ஆற்றிவிடும், கோடு பாதியில் நிற்கும். முதல் கியரில் ஊர்ந்தால் என்ஜின் மட்டும் தலைதெறிக்கச் சுழலும், காடி நகராது, காற்று வராது. போதாக்குறைக்கு லயத்துச் சாலை மேடு. மத்தியானக் காற்றும் பின்பக்கமிருந்து வீசும். கோடு ஏறாமல் என்ன செய்யும்? அரை மைல் முடியுமுன்பே உச்சியைத் தொட்டு, ஏழாம் நம்பர் வாசலில் தண்ணீர் கொதித்துவிடும்.

இதை அவன் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னான். கிராணியார் காதில் வாங்கவில்லை. ஓடினால்தான் எதுவும் சூடாகும், மெல்லப் போனால் எப்படிச் சூடாகும் என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கிராணியாரின் மனைவி தங்கமலருக்கு மீன் வாங்க தஞ்சோங் டாவாய்க் கடற்கரைக்கு முப்பது மைல் வேகத்தில் போய் வந்தார்கள். போக வர ஒரு சொட்டு ஆவி வரவில்லை. அந்த அம்மாகூட, காடிக்கு ஒன்றும் இல்லையே, நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொன்னாராம். இதைக் கேட்டாவது மனுஷனுக்குப் புத்தி வரும் என்று அம்மாசி நினைத்தான். புத்தி வந்தது, ஆனால் கோணலாக வந்தது.

மறுநாள் காலை கிராணியார் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"தஞ்சோங் டாவாய் வரைக்கும் கொதிக்காத காடி, உன்ர வீட்டு வாசலிலதான் கொதிக்குதோ? லயத்துச் சனத்துக்கு வேடிக்கை காட்ட நீதான் தண்ணியைத் திறந்து விடுறாய். எனக்குத் தெரியும்."

அம்மாசி பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர் மேசை இழுப்பறையிலிருந்து அரக்குக் குச்சியை எடுத்துவிட்டார். தபால் பைக்கு முத்திரை வைக்கிற அதே சிவப்பு அரக்கு. ரேடியேட்டரில் தன் கண்முன்னே தண்ணீர் நிரப்பச் செய்து, அடியில் இருக்கிற குழாயிலும் மேலே மூடியிலும் அரக்கை உருக்கி ஊற்றித் தோட்டத்து முத்திரையைப் பதித்தார். இனி எவன் கை வைத்தாலும் தெரிந்துவிடும் என்று ரொம்பத் திருப்தியாகப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எழுத்து வேலையில் தலை நரைத்த மனுஷர், நெருப்பில் உருகுகிற அரக்கு கொதிக்கிற மூடியிலும் உருகும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அன்று பகல் ஒரு மணிக்கு அதே இடத்தில், அதே ஏழாம் நம்பர் வாசலில் காடி சீறியது. கிராணியார் இறங்கி வந்து பார்த்தார். மூடியில் முத்திரையைக் காணோம். அரக்கு இளகிச் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. முத்திரையை உடைத்துவிட்டான் என்று ஜனத்தின் முன்னால் கத்தினார். நான் இறங்கவே இல்லையே ஐயா என்று அம்மாசி சொன்னது எடுபடவில்லை. சாயந்திரமே கடுதாசி வந்துவிட்டது. இருபத்து நாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்து தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். காரணம், முதலாளியின் வாகனத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தது.

அந்தக் காரணம்தான் அவனைக் கொன்றது. வேலை போனால் லூனாஸ் பக்கம் வேறு தோட்டம் பார்க்கலாம், லோரி ஓட்டலாம். ஆனால் காடியைக் கெடுத்தவன் என்று எழுதிய கடுதாசியோடு போகிறவனை எந்தத் துரை, எந்த தவுக்கே நம்பி ஸ்டியரிங்கில் உட்கார வைப்பான்? லயத்தில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கிராணியார் காலில் விழு, தப்பு நடந்துபோச்சு என்று சொல்லிவிடு, மனுஷன் இளகிவிடுவார் என்றார்கள். சைக்கிளில் பால்வாளி கட்டிக்கொண்டு போகிற அப்பளசாமி, வேண்டுமானால் நான் கூட வந்து விழுகிறேன் என்றான். கருப்பாயி எல்லாரும் போகிறவரை காத்திருந்தாள்.

"செய்யாத தப்புக்கு நீ கால்ல விழுந்தா, நாளைக்கு நான் இந்த வாசல்ல நிக்க மாட்டேன்" என்றாள் பிறகு. "மூட்டை கட்டிடலாம். ஆனா கெட்ட பேரை இங்கயே கழுவிட்டுப் போ."

மறுநாள் காலை அம்மாசி ஆபீசுக்குப் போனான். கிராணியார் மேசைக்கு நேரே போய் நின்றான்.

"ஐயா, நீங்களே தண்ணி ஊத்துங்க, நீங்களே மூடுங்க, நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நான் காடியத் தொட மாட்டேன், கிட்டக்கூட வர மாட்டேன். தெனமும் போற மாதிரி மெல்லப் போங்க. லயத்துல கொதிக்கலன்னா எம்மேலதான் தப்பு. கடுதாசியில இருக்கிறத ஒத்துக்கிட்டு நான் போயிடுறேன்."

மற்ற கிராணிகள் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சிவகுருவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே ஓட்டிப் பார்ப்பதுண்டு. இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல அவரால் முடியுமா? ஓம், பார்ப்பம் என்றார்.

பகல் ஒரு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாசி ஏழாம் நம்பர் வாசலில், கால்வாய்க் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். சாலையின் கோடியில் காடி தெரிந்ததும் லயமே எழுந்து நின்றது, தலைக்கட்டுகள் இறங்கின, அப்பளசாமி சைக்கிளை விட்டு இறங்கினான். அம்மாசி எழுந்திருக்கவில்லை. தொடை தானாக எழுந்துகொள்ளப் பார்த்தது. பழகிய உடம்பு கேட்குமா? இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

காடி ஊர்ந்து வந்தது. தனியாக, விறைப்பாக, கழுத்தில் டையோடு கிராணியார் ஓட்டி வந்தார். அவர் கண் சாலையில் இல்லை, யார் நிற்கிறார்கள் யார் நிற்கவில்லை என்பதிலேயே இருந்தது. மூடிமேல் இருந்த கண்ணாடியை அவர் பார்க்கவே இல்லை. அம்மாசி பார்த்தான். ஐந்தாம் நம்பர் வீட்டருகே வரும்போதே சிவப்புக் கோடு உச்சிக்குப் போய்விட்டது. ஆறாம் நம்பரில் மூடி நடுங்கியது. ஏழாம் நம்பர் வாசலில் ஒரு பெரிய சீறலோடு ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள், காடி கடந்து போகிறவரை நிற்க வேண்டும் என்பதுதானே சட்டம். காடி கடக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. கையிலிருந்த சோறு காய்ந்து பருக்கை உதிர்ந்தது. கிராணியார் காடிக்குப் பக்கத்தில் அதே வெயிலில், அதே மண்ணில், வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார்.

கருப்பாயிதான் முதலில் உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பிசைந்த சோற்றை எடுத்து வாயில் போட்டாள். அவரையே பார்த்துக்கொண்டு மென்றாள். அடுத்த வாசலில் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு ஆம்பிளைகள் ஒவ்வொருவராகத் தலைக்கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிராணியார் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எத்தனை பேருக்குக் கடுதாசி கொடுப்பார்?

அவர் யாருடையதோ ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு காடியிடம் போனார்.

"ஊத்தாதிங்க ஐயா" என்றான் அம்மாசி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "பச்சத் தண்ணி பட்டா என்ஜின் வெடிச்சிரும். ஆறட்டும்."

வாய் மூடி இருந்திருந்தால் அந்தக் காடி அன்றோடு தொலைந்திருக்கும். ஆனால் கெடுத்தவன் என்ற பேரைக் கழுவ வந்தவன் அதைச் செய்வானா? கிராணியார் வாளியைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் காடி ஆறுகிறவரை அவருக்கு உட்கார ஓர் இடம் இல்லை. உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

பிறகு அவர், அம்மாசியைப் பார்க்காமல், "நீ எடு" என்றார்.

அம்மாசி எழுந்தான். சட்டைப்பையிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்கி நாலாகக் கிழித்து, கீழே போட மனமில்லாமல் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"லயத்துல இருபது மைல்ல போவேன்" என்றான் அவன். "மெல்லப் போன்னு முதுகுல தட்டுனா, தட்டுன எடத்துலயே காடிய நிறுத்திட்டு எறங்கிடுவேன்."

கிராணியார் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாசி ஆறிய ரேடியேட்டரில் அந்த வாளித் தண்ணீரை ஊற்றி, என்ஜினைக் கிளப்பி, கியரை மாற்றி மிதித்தான். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது, சிவப்புக் கோடு மெல்ல இறங்கியது. கடைசி வீடு வரைக்கும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.