செய்கூலி இல்லாத பேனா

அந்தக் கடைத்தெருவில் பலகையில் என்ன எழுதுகிறோமோ அது மத்தியானத்துக்குள் நடந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அதனால் யாரும் அதிகம் எழுதுவதில்லை. பழக்கடையில் 'பழம்' என்று இருக்கும். அதோடு சரி. டீக்கடைக்காரர் ஒருமுறை 'எப்போதும் சூடு' என்று எழுதிவிட்டு, இன்றைக்கும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.

இசக்கியப்பனுக்கும் இது தெரியும். தெரிந்துதான் எழுதினார். வயிற்றெரிச்சல் யாரை விட்டது?

அவர் பேனா கடைகிறவர். ஈட்டி மரக் கட்டையை லேத்தில் ஏற்றி, உளி பிடித்து, ஒவ்வொன்றாகக் கடைந்து எடுப்பார். பேனா நன்றாக எழுதும். அதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் விலையில்தான். வருகிறவர்கள் மூடியைத் திறந்து, காகிதத்தில் தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பார்கள். பெயர் அழகாக விழும். பிறகு விலை கேட்பார்கள். குறைத்துச் சொன்னால், "இவ்வளவு சல்லிசா? உள்ள பிளாஸ்டிக்கோ?" என்பார்கள். கூட்டிச் சொன்னால், "எழுததுக்கா, கழுத்துல போடுததுக்கா?" என்பார்கள். பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊரார் பெயரெல்லாம் அவர் கடையில்தான் கிடந்தது. பேனாவும் அங்கேயேதான் கிடந்தது.

பக்கத்துக் கடை சபாபதியின் நகைக்கடை. 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று அங்கே ஒரு பலகை. கல்யாண வீட்டுக் கூட்டம் அலைமோதும். அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், ஒருநாள் காலையில் இசக்கியப்பன் அதே வாசகத்தைத் தன் பேனாவாலேயே எழுதி வாசலில் மாட்டினார். விலையையும் நேர்மையாகத் திருத்தினார். கட்டைக்கு இவ்வளவு, நிப்புக்கு இவ்வளவு, கிளிப்புக்கு இவ்வளவு. தன் கூலி என்று எதையும் சேர்க்கவில்லை.

மத்தியானம் முதலில் சேதாரம் இல்லாமல் போனது. லேத்துக்கு அடியில் குவிந்திருந்த மரச்சுருள் எழுந்தது. அவசரப்படாமல், வந்த வழியே, பேனாக்களுக்குள் திரும்பிப் போனது. ஒல்லிப் பேனாக்கள் பருத்தன. பிறகு சதுரமாயின. அலமாரி முழுக்கக் கட்டை. இசக்கியப்பனின் சட்டைப்பையில் இருந்த பழைய பேனா மட்டும் தப்பியது. அதன் சுருளை அவர் மனைவி ஆவுடையம்மாள் எப்போதோ வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்திருந்தாள்.

அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு கடைத்தெருக் கண்காணிப்பாளர் வந்தார். அவர் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவார். சட்டைப்பையில் இருந்த பேனாவை முறைத்துப் பார்த்தார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான்."

"கூலி?"

"இல்ல."

"கூலி இல்லாம எவம்வே செய்வான்?"

இசக்கியப்பன் பல்லைக் காட்டினார். கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை.

"செஞ்ச ஆளு இல்லாத சரக்கு ரெண்டு வகைதான் வே. ஒண்ணு கண்டெடுத்தது. இல்லன்னா களவு. உம்மது எது?"

"ஐயா, நாந்தான் கடைஞ்சேன். கடைத்தெருவுல யார வேணாலும் கேளுங்க."

"கையக் காட்டும்."

இசக்கியப்பன் கையை விரித்தார். காய்ப்பு இல்லை. கட்டைவிரலில் உளி கீறிய தழும்பு இல்லை. நகத்தில் அரக்குக் கறை இல்லை. தேய்ந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மெத்தென்று, யாரோ ஒருவருடைய கை.

கண்காணிப்பாளர் அதை மோந்து பார்த்தார். "இது உளி பிடிச்ச கை இல்ல. விசிறி பிடிச்ச கை," என்றார்.

பலகையைக் கழற்றிவிடலாம் என்று இசக்கியப்பன் வாசலுக்கு ஓடினார். கடை நீண்டது. ஓடினார். இன்னும் நீண்டது. இத்தனை வருஷம் வாடகை கொடுத்தும் ஒரு முழம் கூட நீளாத கடை அது. மூச்சு வாங்கிப்போய் நடுவில் நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

"சபாபதி அண்ணாச்சி! உங்க பலகையிலயும் இதானே இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

சபாபதி அன்றைக்குத் தராசாக இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவர் அப்படித்தான். ஒரு தட்டு மெல்லத் தாழ்ந்தது.

"எம் பலகை பொய்யின்னு ஊருக்கே தெரியும்யா. கூலிய வேற எதுலயாவது ஏத்திருப்பேன்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். பொய்யி எப்படி நடக்கும்? நீரு கிறுக்கன் மாதிரி நெசத்த எழுதிட்டேரு."

சொல்லிவிட்டுத் தட்டு நேரானது. அதற்குமேல் பேசினால் எடை குறையும் என்று அவருக்குப் பயம்.

கண்காணிப்பாளர் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். "ஒரு வழி இருக்கு. கடை அடைக்கதுக்குள்ள யாராவது செய்கூலி குடுத்து வாங்கணும். எவ்வளவு குடுக்காகளோ, நீரு அவ்வளவு இருப்பீரு. கேக்கதையும் பாத்துக் கேளும். உம்ம வேலைக்கு உள்ளதுக்கு மேல கேட்டா அதுவும் களவுதான்."

அப்போதுதான் ஆவுடையம்மாள் சோற்று வாளியோடு வந்தாள். நீண்டுபோன கடைக்குள் அவள் சாதாரணமாக நாலு எட்டு வைத்து வந்து நின்றாள். இசக்கியப்பனுக்கு உயிர் வந்தது. பசியும் வந்தது.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரரு எங்க அண்ணாச்சி?"

இசக்கியப்பனுக்கு அழுகை வந்தது. "ஆவுட, நாந்தான் ளா."

"பேரெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள். அவர் நீட்டிய கையைப் பார்த்தாள். "அவுக கை இப்படி இருக்காது. தொட்டா துணி மாட்டும். சேலையில எத்தனை நூலு பிரிஞ்சிருக்கு தெரியுமா?"

வாளியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் கண் சட்டைப்பைக்குப் போனது.

"அது அவுக பேனால்லா? உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். இசக்கியப்பன் பேனாவை எடுத்து நீட்டினார். "விக்கதுக்குத்தான்," என்றார்.

களவுப் பொருளை மீட்கிற வேகத்தில் அவள் வாங்கினாள். மூடியைத் திறந்தாள். எல்லாரும் தங்கள் பெயரைத்தான் எழுதிப் பார்ப்பார்கள். அவள் 'இசக்கியப்பன்' என்று எழுதிப் பார்த்தாள். சரியாக விழுந்தது.

"என்ன வெல?"

கட்டை, நிப்பு, கிளிப்பு எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"செய்கூலி?"

இசக்கியப்பன் விழித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. கட்டைக்குக் கடைக்காரன் விலை சொல்கிறான். நிப்புக்குக் கம்பெனி சொல்கிறது. தான் எவ்வளவு? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். குறைத்துச் சொல்லப் பயமாக இருந்தது. கூட்டிச் சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது.

"ஐந்நூறு," என்றார். சரியான கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் தராசு நேராக நின்றது. கண்காணிப்பாளரும் ஒப்புக்கொண்ட மாதிரி மூக்கைச் சொறிந்தார்.

"எரநூத்தம்பது," என்றாள் ஆவுடையம்மாள்.

காய்கறிக்காரியிடம் கேட்கிற அதே குரல். அந்தக் குரலுக்கு அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியது கிடையாது. கட்டினதிலிருந்து அப்படியே பழகிவிட்டது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"சரி, எடுத்துக்க."

கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டு அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆவுடையம்மாள் பணத்தை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தாள். வைக்கும்போது விரல் சுரசுரத்தது. கையைப் புரட்டிப் பார்த்தாள். காய்ப்பு இருந்தது. தழும்பு இருந்தது. அரக்குக் கறை இருந்தது.

"இது அவுக கைதான்," என்றாள். முகம் மலர்ந்தது. அவர் இடது கையை எடுத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. சட்டென்று விட்டுவிட்டாள்.

"இது யாருது?"

அவருக்கும் தெரியவில்லை.

வாளியைத் திறந்து சோறு போட்டாள். புளிக்குழம்பும் வாழைக்காய்ப் பொரியலும். அவர் வலது கையால் சாப்பிட்டார். ருசியாக இருந்தது. இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். வைத்துக்கொண்டார். பலகை தானாகக் கழன்று விழுந்தது. கடை பழைய நீளத்துக்கு வந்தது.

சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவள் அவருடைய வலப்பக்கமாகவே வந்தாள். பேனாவை முந்தானையில் முடிந்திருந்தாள். இன்றைய விலைவாசி, தங்கச்சி மகள் கல்யாணம் என்று வழக்கம்போலப் பேசிக்கொண்டே வந்தாள். இடையிடையே தலையை நீட்டி, இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் நின்றாள். வலது காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, இடப்பக்கத்து அண்ணாச்சிய வாசலோடயே அனுப்பிருங்க."