சாந்தாமணி கொண்டுபோன இருபது லிட்டர்

நாச்சிமுத்துவின் ஏரியில் படகு எவ்வளவு தூரம் ஓடும் என்பது ஊற்றிய டீசலின் அளவைப் பொறுத்தது அல்ல. பெட்ரோல் பங்கிலிருந்து படகுத்துறைக்கு வருகிற நாலு கிலோமீட்டரில், அந்த டீசலிடம் படகைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினார்கள் என்பதைப் பொறுத்தது. வாயைத் திறக்காமல் கொண்டுவந்து ஊற்றினால் முழு டேங்குக்கும் படகு ஒரு முழம் நகராது. நன்றாகப் பேசிக் கொண்டுவந்தால் ஐந்து லிட்டரில் ஏரியை மூன்று சுற்று சுற்றும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இருபது லிட்டர்தான் வாங்குவார்கள். அதற்குக் குறைந்தால் டீசலுக்குக் கூட்டம் சேர்ந்த மாதிரி இருப்பதில்லை. காது கொடுத்துக் கேட்காது.

ஆனைமலை அடிவாரத்தில் ஏரியைச் சொந்தமாக வைத்திருந்தவர்களில் நாச்சிமுத்து ஒருவர். அவருக்குப் பதினெட்டு வருஷமாக டீசல் சுமந்தவள் சாந்தாமணி. வண்டியில் ஏற்றினால் என்ஜின் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் நடந்துதான் வர வேண்டும். சாந்தாமணி கேனைச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொள்வாள். வாய்க்கும் டீசலுக்கும் ஒரு சாண் தூரம்தான் என்பதால் கத்த வேண்டியதில்லை. பேச்சு டீசலுக்குப் பிடித்துவிட்டால் கேனின் கனம் குறையும். பிடிக்காவிட்டால் கழுத்து உள்ளே இறங்குகிற மாதிரி கனக்கும். அவளுக்கு வேறு தராசு தேவைப்பட்டதில்லை.

பொய் மட்டும் சொல்லக் கூடாது. பொய் கலந்த டீசல் கறுப்பாகப் புகைந்து ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். சொன்னதையே திரும்பச் சொல்வதும் ஆகாது, கேனின் அடியில் தங்கிப்போன பழைய சொட்டுகள் எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டவை. இந்த இரண்டும் போக, சுமக்கிற ஆள் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது என்றும் நாச்சிமுத்துவின் அப்பா காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார்கள். அதை இதுவரை யாரும் மீறியதில்லை. சுமக்கிறவர்களுக்குத் தங்களைப் பற்றிச் சொல்ல அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று பெரியவர் நினைத்திருப்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அளவைக்காரர் வருவார். அவர் கண் முன்னால் ஏரியின் சொந்தப் படகு அக்கரையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்த ஏரியைப் புன்செய்க் காடு என்று எழுதிவிடுவார். எழுதிய பிறகு தண்ணீர் அங்கே நிற்க முடியாது. பக்கத்துத் தோட்டத்து ஏரி போன தடவை அப்படித்தான் போயிற்று. மீன், தவளை எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வாளையாறு பக்கமாகக் கிளம்பிவிட்டது. தோட்டக்காரர் அந்த இடத்தில் தக்காளி போட்டிருக்கிறார். யாராவது ஏரி என்று பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

இந்த வருஷம் அளவைக்காரர் வருகிற நாள் ஒரு வியாழக்கிழமை. அன்று காலை சாந்தாமணி காலிக் கேனை எடுக்கப் போனபோது நாச்சிமுத்து தோட்டத்துக் கேட் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

"சாந்தாமணி, இன்னைக்கு அக்கரைக்குப் போயே ஆகோணும். நல்லாப் பேசிக் கொண்டா."

"சரிங்க."

"அப்பறம், கேனைப் படகுல ஆறுச்சாமிகிட்டக் குடுத்துப்போட்டு நீ அந்தப் பக்கமாப் போயிரு. அளவைக்காரர் முன்னால நிக்க வேண்டாம். தூக்கிட்டு வர்ற ஆளு அங்கெதுக்கு?"

"சரிங்க" என்றுதான் இதற்கும் சொன்னாள். ஆனால் பங்குக்குப் போகிற வழி முழுக்க அந்தக் கடைசி வார்த்தை செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. தூக்கிட்டு வர்ற ஆளு. போன தடவை அளவைக்காரர் வந்தபோதும் அவள்தான் சுமந்தாள். அன்றைக்குப் படகு அக்கரையைத் தொட்டு, மூச்சு வாங்காமல் திரும்பியும் வந்தது. நாச்சிமுத்துவுக்கு ஊரில் மாலை போட்டார்கள்.

பங்கில் கேனை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டாள். தோட்டத்துச் சாலைக்குத் திரும்பியதும் தொண்டையைச் செருமிவிட்டுத் தொடங்கினாள். படகின் அடிப்பலகை அசல் தேக்கு என்றாள். கேன் கனத்தது. அதை எட்டு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டிருந்தாள். வெள்ளம் வந்த வருஷம் படகு பதினொரு ஆடுகளைக் கரை சேர்த்ததைச் சொன்னாள். அடியில் இருந்த பழைய சொட்டுகளுக்கு அந்த ஆடுகளின் நிறம்கூடத் தெரியும். இன்னும் கனத்தது. உண்மையைச் சொன்னால், சில வருஷமாகவே படகைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பெயின்ட் உரிந்து கிடந்தது. போன மாதம் முழுக்க அது செய்த ஒரே காரியம், ஒரு கொக்கு உட்கார்ந்தபோது ஆடாமல் இருந்தது. அதையும் சொன்னாள். டீசல் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டது.

ஒண்ணேகால் கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் கழுத்து இற்றுவிடும் போலிருந்தது. ஒரு புளியமரத்தடியில் நின்றாள். கேனை இறக்கி வைக்க முடியாது, வழியில் இறக்கினால் டீசல் கிளம்பிய இடத்தையே மறந்துவிடும். அப்படியே நின்றபடி, பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அந்தப் படகு இத்தனை வருசம் ஓடுதுன்னா அது என்னாலதான்."

கேன் ஒரு சுற்று இளைத்தது.

தப்பு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் சொன்னது உண்மை. இதுவரை சொல்லாததும்கூட. ஒரு அடி எடுத்து வைத்தாள். இன்னொன்றும் சொல்லிப் பார்த்தாள்.

"அஞ்சு வருசத்துக்கு முன்னால இதே ரோட்டுல ஆனை குறுக்க நின்னுச்சு. நான் கேனை எறக்கல. ஓடல. ஒரு மணி நேரம் அதும்பாட்டுக்கு நின்னுச்சு, நானும் என்பாட்டுக்கு நின்னேன். கடைசில அதுதான் போச்சு."

இப்போது கேன் தலையில் உட்காரவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் வந்தது. சாந்தாமணிக்கு நடை வேகம் பிடித்தது. நாற்பது வயதில் சைக்கிள் பழகியதைச் சொன்னாள். பழகிய மறுநாளே பொள்ளாச்சிச் சந்தைக்குத் தனியாகப் போய்வந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரர் இறந்த வருஷம் ரெண்டு பெண் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தச் சொன்ன சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டு, சாப்பிட்டு முடித்ததும் வாசலைக் காட்டியதைச் சொன்னாள். பெரியவள் இப்போது நர்ஸ், சின்னவள் பாலிடெக்னிக்கில் வாத்தியார். தான் வைக்கிற கொள்ளு ரசத்துக்கு இந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது என்பதையும் விடவில்லை. படகுத்துறைக்கு இறங்குகிற சரிவில், கரட்டுப்பாளையத்தில் தன் வீட்டைக் கொத்தனாரே வைக்காமல் தானே கல் சுமந்து, தானே சுவர் எழுப்பி, தானே ஓடு வேய்ந்ததைச் சொல்லி முடித்தாள். மூன்று வருஷம் ஆனது. ஒரு சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்ததையும் மறைக்காமல் சொன்னாள். தன் வாயால் தன்னைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்பதே அவளுக்குப் புதிது. நெஞ்சு நிமிர்ந்து, கழுத்து நிமிர்ந்து, சும்மாட்டுக்கும் கேனுக்கும் நடுவில் காற்றுப் போய்வந்தது.

படகுத்துறையில் அளவைக்காரர் கிருபாகரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. பக்கத்தில் நாச்சிமுத்து. படகு ஓட்டுகிற ஆறுச்சாமி கேனை வாங்கி டேங்கில் ஊற்றினான். அளவைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் படகில் ஏறி முன்பலகையில் உட்கார்ந்தார். ஆறுச்சாமி சாவியைத் திருகினான். சத்தமே இல்லை. மறுபடியும் திருகினான். ஏரி கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

நாச்சிமுத்துவின் முகம் சுண்டிப்போனது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இன்னொரு கேன் கொண்டுவர நேரம் கிடையாது. கரையோரமாகத் தண்ணீர் ஏற்கெனவே தன் சாமான்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தது.

அந்தப் பக்கமாகப் போயிருக்க வேண்டிய சாந்தாமணி போகவில்லை. முன்னால் வந்தாள்.

"தப்பு என்னுதுங்க. பாதி வழிக்கு மேல நான் படகைப் பத்திப் பேசல. என்னையப் பத்திப் பேசிட்டேன்."

"எவ்வளவு தூரம்?" என்றார் நாச்சிமுத்து.

"ரெண்டே முக்கால் கிலோமீட்டருங்க."

"பொய் கலந்துச்சா?"

"இல்லீங்க."

அளவைக்காரர் நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டி விதிகளைப் படித்தார். நிதானமாகத்தான் படித்தார்.

"படகு அக்கரைக்குப் போகோணும்னுதான் போட்டிருக்குது. எது கொண்டு போகோணும்னு போடலைங்க" என்றார்.

அதற்குள் சாந்தாமணியின் முதுகுப் பக்கமிருந்து டபடபவென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. டேங்கில் கிடந்த டீசல், தான் யாரைப் பற்றிக் கேட்டதோ அந்த ஆளையே ஓட்டத் தொடங்கிவிட்டது. சீரான சத்தம். புகை துளியும் இல்லை. ஆறுச்சாமி படகுக் கயிற்றின் நுனியை அவளிடம் நீட்டினான்.

"புடிங்கக்கா."

அவள் செருப்பைக் கழற்றித் துறைமேல் ஓரமாக வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்மேல் காலை வைத்தாள். தண்ணீர் தாங்கியது. பதினெட்டு வருஷத்தில் அவள் அந்தப் படகில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, ஏறச் சொன்னவரும் இல்லை. இப்போதும் ஏறவில்லை. இழுத்துக்கொண்டு போனாள். படகு அலுங்காமல் பின்னால் வந்தது. நடு ஏரியில் காற்று எதிர்த்தபோது கணுக்கால் வரை நுரை தெறித்தது. அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் கால்களைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டாள். நல்ல கால்கள் என்று தோன்றியது.

இருபது நிமிஷத்தில் அக்கரையைத் தொட்டாயிற்று. அளவைக்காரர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். ஏரி தப்பியது. ஆனால் டீசல் தீரவில்லை. ஒரு ஏரியைக் கடக்க அவ்வளவு பெருமை தேவையே இல்லை. மிச்சம் நிறைய இருந்ததால் சாந்தாமணி கரையேறி நடந்துகொண்டே இருந்தாள். படகும் கரையேறியது. படகு இருக்கிற இடத்தில்தான் அதன் ஏரி இருக்க வேண்டும் என்பதால் தண்ணீரும் கூடவே எழுந்து வந்தது.

"அக்கா, மேடு வருது. மெதுவா" என்றான் ஆறுச்சாமி.

"தெரியுது."

தென்னந்தோப்பு வழியாகப் போனார்கள். தோப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி ஏரி கடக்கும்போது இரண்டு குடம் மொண்டுகொண்டாள். சாந்தாமணி எல்லோருக்கும் தலையாட்டினாள். கரட்டுப்பாளையத்துக்குள் நுழைந்து கடைசி வீட்டுக்கு முன்னால் வந்ததும் சத்தம் தானாக நின்றது. அவள் வழியில் பேசி முடித்தது அந்த வீட்டோடுதான். முன்னால் கிடந்த மொட்டைக் காட்டில் ஏரி இரண்டு தடவை புரண்டு, வசதியாகப் படுத்துக்கொண்டது.

அரை மணி நேரம் கழித்து நாச்சிமுத்து வந்து சேர்ந்தார். காலியாகக் கிடந்த பள்ளத்தில் குறுக்கே நடந்து வந்ததால் வேட்டியெல்லாம் சேறு.

"ஏரி என்னுதாச்சுங்களே" என்றார் அளவைக்காரரிடம்.

"பள்ளம் உங்களுதுங்க. அது அங்கயேதான் இருக்குது. ஏரிய, படகைக் கொண்டு போனவங்க பேருலதான் எழுதோணும்."

நாச்சிமுத்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு சாய்ந்திருந்த அந்தச் சுவரைப் பார்த்தார். "நீயேவா கட்டுன?" என்றார்.

"நானேதானுங்க."

"நல்லாத்தான் இருக்குது" என்றார். வாசற்படியில் உட்கார்ந்து வேட்டிச் சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அளவைக்காரர் பேனாவைத் திறந்தார். "பேருக்கு முன்னால யாரு எழுத்துங்க? அப்பாவா, வீட்டுக்காரரா?"

"என்ர பேரு போதுமுங்க. சாந்தாமணி."

ஏரியின் உரிமையாளர் என்ற இடத்தில் சாந்தாமணி என்று எழுதினார். அடுத்து, ஏரியின் படகு என்ற இடத்திலும் சாந்தாமணி என்றே எழுதினார். அப்படியானால் அந்தப் பழைய படகை என்னவென்று போடுவது என்று ஆறுச்சாமியிடம் கேட்டார்.

"விருந்தாளின்னு போட்டுக்குங்க" என்றான் ஆறுச்சாமி.

விருந்தாளி என்று எழுதியான பிறகு வெளியில் நிறுத்தி வைக்க முடியாது. ஆறுச்சாமியும் நாச்சிமுத்துவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் படகைக் கைத்தாங்கலாகக் கரையேற்றி, உள்ளே கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார்கள். சாந்தாமணி மோர் கலக்கிக் கொடுத்தாள். படகு குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பற்றிப் பதினெட்டு வருஷமாக அவள் பேசியதையெல்லாம் டீசல் உள்ளே வந்ததும் ஒன்று விடாமல் தன்னிடம் சொல்லிவிடும் என்றது. அந்தக் கொக்கு விஷயம் உட்பட.

சாந்தாமணி இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.