கடைக்காரர் காட்டிய படம்

மதுமதியின் உச்சந்தலையில் புழுவெட்டு விழுந்து ஓராண்டாகிறது. முதலில் நாணயம் அளவு. இப்போது உள்ளங்கையால் மூடினாலும் விளிம்பு தெரிகிறது. நல்லூர் பனியன் கம்பெனியில், பஞ்சுத்தூசிக்காகப் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொள்வது வழக்கம். இதுவரை அந்தத் துணிதான் காப்பாற்றியது.

தை மாதம் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை குணாவிடம் சொல்லியாகிவிட்டது. "நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றான். ஆனால் பூ வைப்பது குணா அல்ல. ஊத்துக்குளியிலிருந்து அவன் அம்மாவும் அத்தைமாரும் வந்து, ஒவ்வொருவராக அவள் கூந்தலுக்குள் விரல்விட்டுச் சரத்தைச் சொருகுவார்கள்.

அதனால்தான் யாரிடமும் சொல்லாமல், பொய்முடி ஒட்டும் ஹேர் பேட்ச் கடைக்குப் போனாள். மாடியில் இருந்தது. குளிரூட்டிய அறையில் பசை வாடை. கடைக்காரர் நாற்காலியில் உட்காரவைத்துத் துணியை அவிழ்க்கச் சொன்னார். "அளவுக்கு ஒரு போட்டோ" என்று மேலிருந்தும் முகத்தோடும் எடுத்துக்கொண்டார்.

"பிச்சுக்கிட்டு வந்துடாதுங்களா?"

"ஏனுங்க மேடம் பயப்படறீங்க? எங்க வேலையப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அதே போனில் படங்களைத் தள்ளிக் காட்டினார். ஒட்டுவதற்கு முன், ஒட்டிய பின். நாலைந்து பேரைத் தாண்டியதும் மதுமதி குனிந்து பார்த்தாள். திட்டுத்திட்டாக முடி கொட்டிய தலையோடு ஒரு பெண். தாடையில் மச்சம். அடுத்த படத்தில் அதே முகம், இடுப்புவரை பின்னல்.

விஜயராணி. அவளுடைய கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர். தேனியிலிருந்து வந்தவர். 'அக்கா, என்ன எண்ணெய்ங்க தேய்க்கறீங்க?' என்று தினம் யாராவது கேட்பார்கள். 'காங்கேயத்துச் செக்கெண்ணெயும் எங்காத்தா குடுத்த திமிரும்' என்பார்.

"இவங்க நம்ம நல்லூருதானுங்க" என்றார் கடைக்காரர் பெருமையாக. "இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."

மதுமதி துணியைக் கட்டிக்கொண்டாள். "என் போட்டோவ அழிச்சிடுங்க."

"அளவுக்குத்தானுங்க. பத்திரமா இருக்கும்."

அன்று இரவு வீட்டில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார்? ஊத்துக்குளிக்காரியாகக்கூட இருக்கலாம். விஜயராணியிடம் சொன்னால், தன் தலையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வாய் பெரிது. சொல்லாவிட்டால் அவர் படம் ஊரெல்லாம் சுற்றும்; பின்னாலேயே இவளுடையதும்.

மறுநாள் டீ நேரத்தில், துணி ரோல் அடுக்கும் அறைக்கு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த மாடிக் கடையில உங்க போட்டோவக் காட்டறாங்க."

விஜயராணியின் முகம் சுண்டியது. "என்ன போட்டோ? நீ அங்கிட்டு எதுக்குப் போன? யாருடி உன்னய அனுப்பினது?"

மதுமதி தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்துக் குனிந்து காட்டினாள்.

விஜயராணி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார். "கட்டு, கட்டு, யாரும் வந்துறப் போறாங்க." பிறகு மெல்ல, "போன வருசமே அழிச்சிட்டேன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணான், பாவிப் பய" என்றார்.

வேலை முடிந்து இருவரும் போனார்கள். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் கண்ணெதிரே படங்களை அழித்தார். "போதுங்களா?"

"வேற எங்கிட்டாவது வச்சிருக்கியா?"

"ஐயோ, இல்லீங்கக்கா." அவர் சிரித்தார்.

படியிறங்கும்போது விஜயராணியின் கை மதுமதியின் மணிக்கட்டை விடவில்லை. "இவன் வாசப்படிய மிதிச்சு ஒரு வருசமாச்சு. இப்ப ஈரோட்டுல ஒருத்திகிட்டப் போறேன். போர்டு கிடையாது. யாரு படத்தையும் காட்ட மாட்டா. பசை ஒத்துக்குதான்னு பாக்க மொதல்ல காதுக்குப் பின்னாடி தொட்டு வச்சு, ரெண்டு நாளு கழிச்சு வாம்பா."

"படமே காட்டலைன்னா, வேலை நல்லா இருக்கும்னு எப்படிங்கக்கா நம்பறது?"

விஜயராணி தெருவின் இருபுறமும் பார்த்தார். பஸ் ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு பின்னலை முன்னால் எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இழுத்துப் பாரு."

மதுமதி இழுத்தாள். பின்னல் அசையவில்லை.

"அவ வாய நம்பலாமுங்களா?"

"தெரியாதுடி. நான் உங்கூட உள்ள வந்து உக்காருவேன். வேலை முடியுற வரைக்கும் அவ போனு என் மடியில இருக்கும். அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு வந்துவிடுவதாக மதுமதி சொன்னாள்.